விலை பேசிய வீடு

சொந்த வீட்டில் வாழ்பவர், வாடகை வீட்டில் வாழ்பவர் என மனிதர் இரு வகையினர் என்றே நான் எண்ணியிருந்தேன். மூன்றாவது வகையினரும் உளர் என்பதை 2024ஆம் ஆண்டு தை மாதத்திலே கற்றுக்கொண்டேன். விலை பேசி, அச்சவாரமும் வாங்கிவிட்ட வீட்டில், உறுதி முடியும் நாளை எதிர்பார்த்து இருப்பவர்களே அவர்கள். வீடு அவர்களுடையதுதான்; ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிக்க மனம் வராது. வீடு அவர்களை விட்டுப் போய்விட்டதுதான். ஆனால் ஓடு உடைந்து ஒழுகினால் ஏணி வைத்து ஏற வேண்டியவர் அவர்களே. இந்நிலையில் என் குடும்பம் ஏறக்குறைய எட்டு மாதம் வாழ்ந்தது. அக்காலத்தில் அறிந்தவற்றுள் சிலவற்றை இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். வீடு விற்கும் எண்ணம் இல்லாதவரும் படிக்கலாம். காத்திருத்தல் எல்லோர்க்கும் பொதுவானதன்றோ?

வீடு அரியாலையில் இருந்தது. நாலு பரப்புக் காணி. முன்விறாந்தையும் மூன்று அறைகளும், பின்னே தனித்து நிற்கும் அடுக்களையும் உடைய ஓட்டு வீடு. பரப்பு என்னும் அளவை அறியாத இளைய மாணவர்களுக்காகச் சொல்கின்றேன்: ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். என் மனைவியின் பெற்றோர் கட்டிய வீடு அது. மாமா மறைந்த பின்னர், மாமி தம் மூன்று பிள்ளைகளுக்கும் பிரிபடாத சம பங்காக நன்கொடை உறுதி எழுதி வைத்துவிட்டுச் சில ஆண்டுகளில் தாமும் கண்மூடினார். மூத்தவர் வவுனியாவில் இருக்கும் அக்கா, கணவரை இழந்தவர். அடுத்தவள் என் மனைவி. இளையவர் கனடாவில் இருக்கும் தம்பி.

மூவருள் அவ்வீட்டில் குடியிருந்தவர்கள் நாங்கள் மாத்திரமே. அக்காவுக்கு மகளின் படிப்பின் பொருட்டுப் பணம் தேவைப்பட்டது. தம்பிக்கும் அங்கே கடன்கள் இருந்தன. கேட்பதற்கு இருவரும் கூசினார்கள் என்பதை நான் அறிவேன். ஆயினும் கேட்டார்கள், கேட்டதும் நியாயமே. யாழ்ப்பாணத்துத் தேசவழமையின்படி, கூட்டுக் காணியில் ஒருவர் தம் பங்கை விற்க முற்பட்டால், பிறருக்கு முன்னர் அதனை வாங்கும் உரிமை ஏனைய பங்காளருக்கு உண்டு. ஆகவே மற்றைய இரு பங்குகளையும் வாங்கும் உரிமை எங்களுக்கு இருந்தது. பணந்தான் இருக்கவில்லை. ஒரு கல்லூரி ஆசிரியனின் சம்பளத்தை நம்பி எவ்வளவு கடன் பெறலாம் என்று ஓரிரவு முழுவதும் கணக்குப் பார்த்தோம். விடியும் வேளையில் என் மனைவி கொப்பியை மூடி வைத்துவிட்டு, "முழுக்க வித்திடுவம்" என்றாள். அவள் பிறந்து வளர்ந்த வீடு அது. அவளே அவ்வாறு சொன்ன பின் என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

வாங்க வந்தவர் ஓர் இளைஞர், அரசாங்க உத்தியோகத்தர். மனைவியோடும் தாயாரோடும் தைப்பொங்கல் கழிந்த வாரத்தில் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கிணற்றடிக்குப் போனவர் தாமே ஒரு வாளி அள்ளி, செம்பில் வார்த்துக் குடித்தார். "சேர், தண்ணி இளநீர் மாதிரி இருக்குது" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு பின்னர் என்னைப் பல இரவுகள் உறங்கவிடாது என்பதை அப்போது அறியேன்.

விலை பேசி முடிந்தது. அச்சவாரம் கைமாறிற்று. வங்கிக் கடன் கிடைத்ததும் உறுதி முடிப்பது என்று ஒப்பந்தம் எழுதினோம். "இரண்டு மாதத்தில் எல்லாம் முடியும்" என்றார் நொத்தாரிசு. அச்சொல்லை நம்பி நல்லூரில் ஒரு வாடகை வீடு பார்த்தோம். வீட்டுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். பங்குனி முதலாந் திகதி வருவதாக அவருக்கு வாக்குக் கொடுத்தேன். எங்களுடைய பங்கைக் கொண்டு எங்கேனும் ஒரு பரப்புக் காணியாவது பின்னர் வாங்கலாம். அதுவரை வாடகை வீடு என்பது எங்கள் திட்டம். திட்டம் என்பது காலண்டரைப் பார்த்து நாம் எழுதுவது. காலண்டர் நம்மைப் பார்த்து எழுதுவதில்லை.

முதலாவது தடை காணிப் பதிவகத்திலிருந்து வந்தது. வங்கிச் சட்டத்தரணி பின்னோக்கி முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பதிவுகளைத் தேடுவித்தபோது, மாமா 1983ஆம் ஆண்டில் காணியை ஈடு வைத்துப் பணம் பெற்றமை தெரியவந்தது. பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது என்பது குடும்பம் முழுவதற்கும் தெரியும். ஈட்டு உறுதியைத் திரும்ப வாங்கி மாமா தம் கையாலேயே கிழித்தார் என்று அக்கா சொன்னார். கிழித்தது வீட்டிலிருந்த தாளைத்தான். பதிவகத்துப் புத்தகத்தில் ஈடு அப்படியே இருந்தது. மீட்சியைப் பதிய வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. கடன் கொடுத்தவரோ காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகளைத் தேடி, ஒருவரைக் கிளிநொச்சியிலும் மற்றவரை மானிப்பாயிலும் கண்டு, விடயத்தை விளக்கிக் கையொப்பம் பெறுவதற்குள் மாசியும் பங்குனியும் கழிந்தன.

இரண்டாவது தடை கனடாவிலிருந்து வந்தது. தம்பி தம் சார்பில் அக்கா கையொப்பமிடும்படி அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினார். நன்கொடை உறுதியில் அவர் பெயருக்கு முன்னே ஒரு முதலெழுத்து இருந்தது. அவருடைய கடவுச்சீட்டில் இரண்டு முதலெழுத்துகள் இருந்தன. பத்திரம் திரும்பிப் போயிற்று. அவர் மறுபடியும் வேலைக்கு விடுமுறை எடுத்து, அங்குள்ள இலங்கைத் தூதரகப் பணிமனைக்குச் சென்று, புதிய பத்திரம் ஒன்றை முடித்து அனுப்பினார். அஃது இங்கு வந்து பதியப்படுவதற்குள் சித்திரை போய் வைகாசியும் பிறந்துவிட்டது.

இதற்கிடையில் நல்லூர் ஆசிரியை அம்மையாரின் வீடு பூட்டிக் கிடந்தது. நான் அவரிடம் சென்று, "அம்மா, வேறு எவருக்கேனும் கொடுப்பதாயின் கொடுத்துவிடுங்கள், என் சொல் உங்களைக் கட்டிவைக்க வேண்டாம்" என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அரை வாடகை தாருங்கோ தம்பி, ஆவணி மட்டும் பார்த்திருக்கிறன்" என்றார். குடியிராத வீட்டுக்கு வாடகை கொடுப்பது வீண்செலவு என்று நண்பர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நாம் காத்திருக்கும்போது நம்மை நம்பி வேறொருவரும் காத்திருக்கின்றார். அவருடைய காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு.

வீட்டுக்குள் வாழ்க்கை விசித்திரமாக நடந்தது. நூல்கள் யாவும் மாசி மாதத்திலேயே பெட்டிகளில் ஏறிவிட்டன. வகுப்புக்கு வேண்டிய நூல் எப்பொழுதும் அடியிலிருந்த பெட்டியிலேயே கிடந்தது. என் மனைவி இரண்டு பானைகளையும் ஒரு தாச்சியையும் வெளியில் வைத்துக்கொண்டு ஏனையவற்றைச் சாக்கில் கட்டிவிட்டாள். வருடப்பிறப்புக்கு அயல்வீட்டிலிருந்து கிடாரம் இரவல் வாங்கிப் பொங்கினோம். மகள் தான் நட்ட செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "இனி அவையின்ரைதானே, அப்பா" என்றாள். அன்று மாலை நானே ஒரு வாளி நீர் கொண்டுபோய் ஊற்றினேன். செடிக்கு உறுதி முடிந்ததோ முடியவில்லையோ தெரியாது; அதற்குத் தெரிந்தது தாகம் ஒன்றே என்று அவளுக்குச் சொன்னேன். மறுநாள் முதல் அவளே ஊற்றினாள்.

அந்நாள்களில் வேறொரு புறப்பாடு அடிக்கடி என் நினைவுக்கு வந்தது. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில், ஒக்டோபர் 30ஆந் திகதி மாலையில், யாழ்ப்பாணத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டனர். எனக்கு அப்போது 15 வயது. மழை பெய்துகொண்டிருந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியிலே ஓர் அடி வைத்தபின் அடுத்த அடி வைப்பதற்கு நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது. அன்று வீட்டை விட்டுச் செல்லலாமா என்று எங்களை எவரும் கேட்கவில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று எண்ணிப் பார்க்கவும் நேரம் இருக்கவில்லை. என் மனைவியின் தந்தையார் அரியாலை வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு சென்றாராம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது திறப்பு மடியில் இருந்தது. கதவு நிலையில் இருக்கவில்லை. புதிய கதவு போட்ட பின்னரும் அந்தப் பழைய திறப்பை அவர் எறியவில்லை. சாமியறை மாடத்தில் அது கிடந்தது. ஒரு மாலைப் பொழுதில் விட்ட வீட்டை இப்போது விடுவதற்கு எட்டு மாதம் எடுக்கின்றதே என்று சலித்துக்கொண்டபோதெல்லாம் நான் அத்திறப்பைப் பார்ப்பேன். சலிப்பு அடங்கும். தாமதம் எங்களுக்குக் கிடைத்த ஒரு சலுகை என்பது விளங்கும்.

வரலாறு கற்பிப்பவனாதலால், இந்தத் தாமதத்தின் வேரையும் தேடிப் பார்த்தேன். ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக் என்னும் அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்து 1707ஆம் ஆண்டில் எழுதி முடித்தார். தமிழ் முதலியார்கள் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். அதுவே தேசவழமை. பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில் அதனைச் சட்டமாக ஏற்றனர். அத்தொகுப்பிலே காணி விற்பனை பற்றிய ஒரு பகுதி உண்டு. காணியை விற்க விரும்புபவன் தன் உரித்தாளர்க்கும் பங்காளர்க்கும் முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். அவர்கள் அதே ஊரில் இருந்தால் ஒரு மாதம்; அதே பகுதியில் வேற்றூரில் இருந்தால் மூன்று மாதம்; வேறு பகுதியில் இருந்தால் ஆறு மாதம்; பிறநாட்டில் இருந்தால் ஓராண்டு தவணை. இது பழைய வழக்கம். ஒல்லாந்தத் தளபதி ஒருவரின் கட்டளையால் இம்முறை மாறிற்று. விற்பவர் சார்ந்த கோவிற்பற்றுத் தேவாலயத்தில் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் விற்பனையைப் பகிரங்கமாக அறிவித்த பின்னரே காணி கைமாறலாம் என்று ஆயிற்று.

மாணவர்கள் இதனைச் சிறிது சிந்தித்துப் பார்க்க வேண்டும். தபாலும் தந்தியும் இல்லாத காலத்தில் நம் முன்னோர் பிறநாட்டில் இருப்பவனுக்காக ஓராண்டு காத்திருந்தனர். ஊரில் இருப்பவனுக்குத் தெரியாமல் வீடு விலைப்படலாகாது, தூரத்தில் இருப்பவன் தூரத்தில் இருந்தான் என்பதனாலேயே உரிமை இழக்கலாகாது என்பது கருத்து. காத்திருப்பு ஒரு வெற்றுக் காலமன்று. சொல்லவேண்டியவற்றைச் சொல்வதற்கும் கேட்கவேண்டியவர் கேட்பதற்கும் விடப்பட்ட தவணை. 1947ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முன்னுரிமையைப் பங்காளருக்கும், விற்பவர் மரணசாதனம் எழுதாது இறந்தால் உரித்தாளராகத் தக்கவருக்கும் மாத்திரம் என்று சுருக்கிற்று. தவணைகளும் மாறின. ஆயினும் அவற்றின் உட்கருத்து இன்றைய பதிவகத் தேடுதலிலும் நொத்தாரிசின் வினாக்களிலும் உயிரோடிருக்கின்றது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணி விற்பனை எழுத்தில் அமைந்து, நொத்தாரிசின் முன்னிலையிலும் இரண்டு சாட்சிகளின் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது. இத்தனை கண்கள் பார்த்திருக்கவே வீடு கைமாற வேண்டும்.

இவ்வாறு பிறருக்கு விளக்கம் சொல்லித் திரிந்த எனக்கு, நான் சொல்லவேண்டியது ஒன்று இருந்தமை ஆனி மாதத்திலேதான் உறைத்தது.

ஈடும் தீர்ந்து, தத்துவமும் வந்து, வங்கியும் இசைந்து, ஆனி முடிவதற்குள் உறுதி முடிக்கலாம் என்று நாள் குறிக்கப்பட்டது. ஆடியில் நல்ல காரியம் வேண்டாம் என்பது வாங்குபவரின் தாயார் விருப்பம். நாளுக்கு ஒரு வாரம் இருந்தது. காலையில் பல் துலக்க ஒரு வாய் நீர் எடுத்தேன். உவர்த்தது.

எங்களுக்கு இது புதியதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. அந்த வில்லையே நம் கிணறு. கடல்மட்டத்துக்குமேல் ஓர் அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் ஆராய்வோர் கணக்கு. ஆகவே மேலே சிறிது குறைந்தாலும் கீழிருந்து உவர் வெகுதூரம் ஏறிவிடும். கடல்நீரேரிக்கு அணித்தான எங்கள் கிணறு மார்கழி தையில் இனிக்கும். ஆனி முதல் புரட்டாதி வரை உவர்க்கும். அம்மாதங்களில் குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் அது போதும். குடிப்பதற்குக் கோயில் கிணற்றிலிருந்து கானில் கொண்டுவருவோம். ஆண்டுதோறும் அவ்வாறே செய்து வந்தமையால் அதனை ஒரு குறையாகவே நாங்கள் எண்ணவில்லை. ஆனால் அந்த இளைஞரோ தை மாதத்து நீரைக் குடித்தவர்.

பங்குனியில் உறுதி முடிந்திருந்தால் இவ்வினா எழுந்திராது. நான் சொல்லாமலே போயிருப்பேன். பொய் சொன்னேன் என்றும் என்னை எவரும் குற்றஞ்சாட்டியிரார். இப்போதும் இன்னும் ஏழு நாள் வாய் மூடியிருந்தால் போதும். தெரிந்த ஒருவர், "அயலெல்லாம் இதே தண்ணிதானே, கேட்டால் சொல்லும், கேளாததை ஏன் சொல்லுறீர்?" என்றார். மறைந்த குறையை அறிந்துகொண்டே மறைத்து விற்பவனை உரோம ஒல்லாந்தச் சட்டம் எளிதில் விடாது என்பதை நான் அறிவேன். ஆயினும் என்னை அலைக்கழித்தது சட்டமன்று. விற்பனை குழம்பினால் அக்காவின் மகளுடைய படிப்பு என்னாகும்? மீண்டும் தை வரை காத்திருக்க வேண்டி நேருமோ? ஒரு செம்பு நீரின் பொருட்டு மூன்று குடும்பங்களின் காரியத்தைக் கெடுப்பது அறமா? இப்படியெல்லாம் நான் எனக்கே வாதாடினேன். வாதம் நன்றாகத்தான் இருந்தது. உறக்கந்தான் வரவில்லை.

மூன்றாம் நாள் இரவு மனைவியிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அவர் தையிலை குடிச்ச தண்ணியை நினைச்செல்லோ காசு தாறார். கூப்பிட்டு இப்ப ஒரு செம்பு குடுங்கோவன்" என்றாள்.

மறுநாள் அவரை அழைத்தேன். கிணற்றடியில் நின்று அதே செம்பில் வார்த்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் மிகுதியை மெல்ல நிலத்தில் ஊற்றினார். எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை இவ்வாறு இருக்கும், குடிநீர் எங்கிருந்து கொண்டுவருகின்றோம் என்பவற்றை ஒளிக்காமல் சொன்னேன். "யோசிச்சுச் சொல்லுறன், சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனி போயிற்று. குறித்த நாளும் போயிற்று. ஆடியின் முதற் பத்து நாள்களும் போயின. தொலைபேசி ஒலிக்கவில்லை. இவ்வெட்டு மாதத்தில் மெய்யான காத்திருப்பு அந்நாள்களே. சொன்னது சரி என்று பகலில் தோன்றும். பிழை என்று இரவில் தோன்றும்.

பதினோராம் நாள் அவர் தாயாரோடு வந்தார். மழைநீர்த் தொட்டி ஒன்று கட்ட வேண்டியிருக்கும், அதற்காக நாலு இலட்சம் குறைத்துத் தந்தால் ஆவணி முதல் முகூர்த்தத்தில் உறுதி முடிப்பதாகச் சொன்னார். கேட்டது அதிகமன்று. ஆனால் நாலு இலட்சம் எங்களுக்குச் சிறிய தொகையும் அன்று. சொன்னவர்கள் நாங்களாதலால், குறையும் எங்கள் பங்கிலேயே குறையட்டும் என்று மனைவி முடிவு செய்து, அக்காவுக்கு அதைத் தொலைபேசியில் அறிவித்தாள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "கிணறு அம்மாவின்ரை. தண்ணியும் மூண்டு பேருக்கும், உப்பும் மூண்டு பேருக்கும்" என்று சொல்லிவிட்டார். தம்பியும் அதையே சொன்னார். அன்றிரவு என் மனைவி அடுக்களை வாசலில் நெடுநேரம் இருந்தாள். அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

ஆவணியில் உறுதி முடிந்தது. முன்னாள் ஆளை வைத்துக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கினோம். நொத்தாரிசு உறுதியை உரக்க வாசித்தார். வடக்கு எல்லை, கிழக்கு எல்லை, ஒழுங்கை, கிணறு, மா, தென்னை எல்லாம் ஒவ்வொன்றாய் அவர் வாயிலிருந்து வந்து அவ்விளைஞருக்குரியனவாயின. மனைவி கையொப்பமிட்டாள், அவளுக்குக் கீழே நானும் கணவனின் சம்மதத்தை எழுதிக் கையொப்பமிட்டேன். புதிய திறப்பைக் கொடுத்துவிட்டோம். பழைய திறப்பு இப்போது நல்லூரில் எங்கள் வாடகை வீட்டுச் சாமியறையில் இருக்கின்றது. அதனை மாட்டுவதற்கு ஆணி அடிக்கலாமா என்று ஆசிரியை அம்மையாரிடம் மகளே சென்று கேட்டு வந்தாள்.

இவ்வநுபவத்திலிருந்து வாசகர்க்கு இரண்டொரு வார்த்தை. கடன் தீர்த்தவர்கள் தாளைக் கிழிப்பதோடு நில்லாது, மீட்சியைக் காணிப் பதிவகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். இல்லையேல் அக்கடனைப் பிள்ளைகள் மீண்டும் தீர்க்க நேரும். உறுதியில் உள்ள பெயரும் கடவுச்சீட்டு, அடையாள அட்டை முதலியவற்றில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று இன்றே பார்த்துவிடுங்கள். உறுதி முடியும் நாள் உறுதியாகும் முன்னர் வாடகை வீட்டுக்குத் திகதி சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால் அச்சொல்லின் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். வீடு வாங்குவோர், மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள். விற்போரே, அவர் கோடையில் வராவிட்டால் நீங்களே அழைத்துக் கொடுங்கள்.

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்விளைஞர் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு போத்தல் இருந்தது. "கிணறு ஊறி வந்திட்டுது, அக்கா. உங்களுக்குக் கொண்டு வந்தனான்" என்று மனைவியிடம் நீட்டினார். அவள் ஒரு கோப்பையில் வார்த்து எனக்கும் பிள்ளைகளுக்கும் தந்தாள். உவர் இன்னும் சிறிது நாவில் நின்றது. தன் கோப்பையை அவள் ஒரு துளியும் மிச்சமில்லாமல் குடித்தாள்.